அம்மாவைவிட மூத்த மகன்

இரவு மணி பத்து இருக்கும். எதிர்வீட்டு அக்கா கையில் இரண்டு போன்களோடு வாசலில் நின்றார். ஒன்று அவருடையது. திரையின் ஓரத்தில் விரிசல், அதன்மேல் செல்லோடேப். இன்னொன்று ஏழாம் வகுப்புப் படிக்கிற மகனுடையது. கண்ணாடி ஒட்டி, உறை போட்டு, ராஜகுமாரன் மாதிரி இருந்தது. அக்காவுக்குப் பின்னால் அவனும் நின்றான். காது குத்தக் கூட்டி வரப்பட்ட பிள்ளையின் முகம்.

“தம்பி, பிள்ளைக போன்ல ஏதோ பூட்டுப் போடலாமாம்ல. இன்னைக்குப் பள்ளிக்கூடத்து மீட்டிங்ல சொன்னாங்க. இவனையே போட்டுக்கடான்னேன். எனக்குத் தெரியாதும்மாங்கிறான். தெருவுல இருக்கிற அத்தன போனுக்கும் இவன்தான் டாக்டரு. இதுக்கு மட்டும் தெரியாதாம்.”

சிரிக்காதீர்கள். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் செட்டிங்ஸ் என்கிற பக்கத்தைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டின் கடைக்குட்டிதான். கேஸ் புக் பண்ணுவது அவன். கரண்டு பில் கட்டுவது அவன். ஆச்சியின் போனில் நிறைந்துபோன குட்மார்னிங் படங்களை அழித்துக் கொடுப்பதும் அவன். கைதியைக் கூப்பிட்டு, ‘ராசா, நீயே கொஞ்சம் ஜெயிலக் கட்டிக் குடுத்துட்டு உள்ள போயிருய்யா’ என்று அக்கா கேட்டிருக்கிறார். அவன் மறுத்துவிட்டான். பகத்சிங் வயசு வரட்டும், ஒருவேளை சம்மதிப்பான்.

அந்த மீட்டிங்கைப் பற்றி அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மேடையில் பெரிய பிளக்ஸ், அதில் செல்போனைச் சங்கிலியால் கட்டிய படம். பேச வந்தவர் மைக்கைப் பிடித்ததும் எல்லோரும் போனை சைலன்டில் போடச் சொன்னார். ஒருவரும் போடவில்லை. செல்போன் ஒரு கைவிலங்கு என்று ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் இரண்டு முறை அவர் போனே அடித்தது. கடைசியில் ‘பேரன்டல் கன்ட்ரோல்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடாத பெற்றோர் பெற்றோரே அல்ல என்று சொல்லி முடித்தார். பிறகு எல்லோரையும் நிற்கவைத்து செல்ஃபி. அந்தப் படம் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அன்று இரவு எட்டு மணிக்கு அதே குழுவில் இன்னொன்றும் வந்தது: மாணவர்கள் யூடியூப் பார்த்து எரிமலை மாடல் செய்து, நாளை காலைக்குள் வீடியோ எடுத்து அனுப்பவும்.

கைவிலங்கைப் போட்டுக்கொண்டு எரிமலை செய்ய வேண்டும். வெடிப்பது யார் என்றுதான் தெரியவில்லை.

சரி, பூட்டுக்கு வருவோம். அதன் பெயர் ஃபேமிலி லிங்க். கூகுள் 2017-ல் கொண்டுவந்தது. அம்மாவுக்கு ஒரு கணக்கு வேண்டும், பிள்ளைக்கு ஒரு கணக்கு வேண்டும். அம்மாவின் போனிலிருந்து பிள்ளையின் போனை ஆட்டுவிக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குத் திரை அணைய வேண்டும், எந்த ஆப்பை இறக்கலாம், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, எல்லாம் கைக்குள். கேட்கவே இனிக்கிறதல்லவா? அக்காவின் கணக்கைத் திறந்தேன்.

அது அக்கா திறந்த கணக்கு அல்ல. போன் வாங்கிய கடையில் நின்ற பையன் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். அவன் இப்போது துபாயில். வாட்ஸ்அப்பில் பிடித்து, நைட் ஷிஃப்டுக்கு நடுவில் அவனிடமிருந்து வாங்கினோம். உள்ளே போனால், அக்கா பிறந்த தேதி 1 ஜனவரி 2000. வரிசையில் நின்ற எல்லோருக்கும் அவன் அந்தத் தேதியைத்தான் போட்டிருப்பான். வாடிக்கையாளர் அனைவரும் ஒரே நாளில் பிறந்த அதிசயக் கடை அது.

அடுத்து மகனின் கணக்கு. அது அவனே ஏழு வயதில் திறந்தது. பிறந்த வருடம் கேட்ட இடத்தில் விரலால் ஒரு தள்ளு தள்ளியிருக்கிறான். திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றி, 1998-ல் நின்றிருக்கிறது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். மகன் அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவன்.

கணினியின் நியாயப்படி, அன்று இரவு அவன்தான் அம்மாவின் போனுக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். ‘ஒம்பது மணிக்குத் தூங்கிரணும்மா, சீரியல் அரைமணி நேரம்தான்.’ அக்கா சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார். ஒன்பது மணிக்குத் தூங்கச் சொல்லி அவரிடம் இதுவரை யாரும் சொன்னதே கிடையாது.

இந்தத் தேசத்தில் ஒரு சிம் கார்டு வாங்க அடையாள அட்டை வேண்டும். பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். முதியோர் உதவித்தொகை கேட்டுப் போகிற கிழவி, பல்லெல்லாம் விழுந்த வாயைத் திறந்து காட்டினாலும் நம்பமாட்டார்கள். வயசுக்குக் காகிதம் எங்கே என்பார்கள். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று மட்டும் ஒரு குழந்தையின் விரல் தள்ளிய தள்ளலைப் பிறப்புச் சான்றிதழாக ஏற்றுக்கொள்கிறது. என்ன ஒரு பெருந்தன்மை! அவன் எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றான் என்று தெரியும். எந்த விளம்பரத்தைத் தள்ளிவிட்டான் என்று தெரியும். அடுத்து எதைக் காட்டினால் அசையாமல் உட்காருவான் என்பதும் தெரியும். அந்த விரல், பால்பல் விழுந்துகொண்டிருந்த வயசின் விரல் என்பது மட்டும் தெரியவே தெரியாது. பொம்மைப்படமாகப் பார்த்துத் தீர்த்தவனை இருபதைத் தாண்டிய ஆம்பளை என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறது, பாவம்.

ஒரு மணி நேரம் போராடி மகனுக்கு உண்மையான வயதில் புதிய கணக்கு ஒன்றைத் திறந்தேன். நடுவில் நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்தது. உருட்டி உருட்டிக் கடைசிக்குப் போய் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமுக்கினேன். நானும் படிக்கவில்லை. அக்கா, “என்ன தம்பி எழுதியிருக்கு?” என்றார். “வழக்கமா இருக்கிறதுதான்க்கா” என்றேன். சொத்தை எழுதி வாங்குகிறவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

பழைய கணக்கை எடுக்கப்போனபோது பையன் முதன்முதலாக வாயைத் திறந்தான். “மாமா, லெவலெல்லாம் போயிரும் மாமா.” கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷமாக அவன் ஏறிய ஏணி அது. பள்ளியில் அவனுக்கு அப்படி ஏறுவதற்கு ஒன்றுமில்லை.

“ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வச்சிருக்கேன்க்கா. அதுக்குமேல வேணும்னா இவன் கேப்பான். உங்க போன்ல நீங்க சரின்னு அமுக்குனாத்தான் கிடைக்கும்” என்றேன் பெருமையாக.

“எம்போனு பொட்டிக்குள்ளல்ல இருக்கும் தம்பி” என்றார் அக்கா.

அக்கா வேலை பார்ப்பது பெரிய ஜவுளிக்கடையில். காலை ஒன்பதரைக்கு உள்ளே போகும்போதே பணியாளர்களின் போனை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இரவு ஒன்பதரைக்குத் திருப்பித் தருவார்கள். நடுவில் புடவையை விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், மறுபடி விரிக்க வேண்டும். இப்படி நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அக்காவின் கடைக்கும் நாற்காலி வந்தது. உட்காரும் நேரம் இன்னும் வரவில்லை.

பன்னிரண்டு வயதுப் பையனின் போனுக்குப் பூட்டு; அதன் சாவி அம்மாவின் போனில்; அம்மாவின் போன் முதலாளியின் பெட்டியில். இதில் பேரன்ட் யார், கன்ட்ரோல் யாருடையது? நாற்பது வயதுப் பெண்மணியின் போனை வாங்கிப் பெட்டியில் வைப்பதற்கு யாரும் எந்த ஆப்பையும் இறக்கவில்லை. சம்பளம் கொடுப்பவன் கை நீட்டினால் போதும்.

இந்தப் பூட்டைச் செய்தவர்கள் மனதில் ஒரு பெற்றோர் இருந்திருக்கிறார். என்னால் அவரைப் பார்க்க முடிகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கையில் போன் இருக்கும். பிள்ளை கேட்டதும் டிங் என்று சத்தம் வரும். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ‘இந்த விளையாட்டு என் மகனின் வளர்ச்சிக்கு ஏற்றதா?’ என்று யோசித்து, விமர்சனங்களைப் படித்து, அனுமதி தருவார் அல்லது மறுப்பார். மறுத்தால் பிள்ளைக்கு வேறு வேலை இருக்கும்: நீச்சல், கீபோர்டு, செஸ். அக்காவின் மகனுக்கு என்ன இருக்கிறது? பூட்டிய வீடு, தெருவில் நிறுத்தி வைத்த கார்கள், முன்பு மைதானமாக இருந்த இடத்தில் திருமண மண்டபம். போனை அணைத்தால் அவன் பார்க்கக்கூடிய அடுத்த திரை சுவர்தான்.

இத்தனைக்கும் அந்தப் போனை யாரும் ஆசைக்கு வாங்கவில்லை. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்றிலிருந்து எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது அவன் இரண்டாம் வகுப்பு. ‘ஆன்லைன் கிளாஸ், போன் இல்லாதவர்கள் ஏற்பாடு செய்துகொள்ளவும்’ என்று சொல்லப்பட்டது. ஏற்பாடு என்றால் அக்காவின் கம்மல். அடகுக்கடைக்குப் போன கம்மல் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த போனும் திரும்பிப் போகவில்லை. நோய் போனது, வகுப்பு பள்ளிக்கே திரும்பியது, வீட்டுப்பாடம் மட்டும் போனிலேயே குடியிருந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் இதைக் கொடுக்காவிட்டால் நீ நல்ல அம்மா இல்லை என்று சொன்ன அதே ஊர், பன்னிரண்டு வயதில் இதை ஏன் கொடுத்தாய், நீ நல்ல அம்மா இல்லை என்கிறது. அந்த மேடையில் பேசியவர் கம்மலை மீட்டுக் கொடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

ஏசர் அமைப்பு தன் 2024 கல்வி ஆய்வில் இந்தியக் கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும். அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76. பாடத்துக்கென்று உள்ளே விட்ட ஒட்டகம், பாடத்தைவிடப் பெரிதாக வளர்ந்து படுத்திருக்கிறது.

ஒட்டகம் தானாக வளரவில்லை, தீனி போட்டு வளர்த்தார்கள். பக்கம் முடிந்தால்தானே பையன் போனைக் கீழே வைப்பான்? பக்கம் முடியவே கூடாது என்று, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை 2006-ல் ஏசா ரஸ்கின் என்பவர் உருவாக்கினார். பிற்பாடு அவரே அதற்காக வருத்தமும் தெரிவித்தார். அவர் வருந்தினார், விரல் நிற்கவில்லை. பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தன் உடலைப் பற்றிய தாழ்வு எண்ணத்தை இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்குகிறது என்று அந்தக் கம்பெனியின் உள் ஆய்வே சொல்லியிருந்தது. அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் 2021-ல் காகிதங்களை வெளியே கொண்டுவந்த பிறகுதான் அது உலகத்துக்குத் தெரிந்தது. பெற்றோர் அனுமதி இல்லாமல் குழந்தைகளின் தகவல்களைத் திரட்டியதாக யூடியூப் மீது அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2019-ல் 17 கோடி டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டார்கள். யூடியூப் யாருடையது? கூகுளுடையது. ஃபேமிலி லிங்க் யாருடையது? அதுவும் அவர்களுடையதுதான்.

விற்பவனே எச்சரிக்கையும் எழுதுகிற இந்தக் கலையை உலகத்துக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதி நமக்கு உண்டு. 2003-லிருந்து சாராயக் கடையை அரசே நடத்துகிறது. பாட்டிலில் ‘மது உடல்நலத்துக்குக் கேடு’ என்ற பொருளில் அச்சடித்தும் தருகிறது. வாங்கியவன் விழுந்தால், எழுதித்தானே கொடுத்தோம் என்று சொல்லிவிடலாம். பேரன்டல் கன்ட்ரோல் என்பது அந்த லேபிளின் ஆங்கிலப் பதிப்பு. ஆனாலும் டாஸ்மாக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. ஏழு வயதுப் பையன் வந்து நான் 1998-ல் பிறந்தவன் என்று சொன்னால், கவுன்டரில் இருப்பவர் குனிந்தாவது பார்ப்பார்.

அரசும் நீதிமன்றமும் சும்மா இருக்கின்றனவா என்றால், இல்லை, தடை செய்துகொண்டே இருக்கின்றன. 2019 ஏப்ரலில் டிக்டாக்குக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது. அந்த மாதமே தடை விலகியது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 ஆப்களைத் தடை செய்தது. அது சீன எல்லைச் சண்டைக்காக, நம் பிள்ளைகளுக்காக அல்ல. பத்தே நாளில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. 2022-ல் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அப்படியே இருந்தது. பீடியைத் தடை செய்து சுருட்டை விட்டு வைத்த மாதிரி. அக்காவின் மகன் எந்த லெவலுக்காகக் கண்கலங்கினான் என்று நினைக்கிறீர்கள்?

அரசுக்குப் பூட்டுப் போடத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நன்றாகத் தெரியும். ஆன்லைன் ரம்மியில் பெரியவர்கள் பணத்தை விட்டு, கடன்பட்டு, தூக்கில் தொங்கினார்கள். தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது. 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன: பணம் வைத்து ஆடும் விளையாட்டில் சிறுவர்களைச் சேர்க்கக் கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. மீசை வைத்த ஆண்களுக்கு அரசாங்கமே தூங்கும் நேரம் குறித்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அந்த விதிகள் செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையே மொத்தமாக மூடியது.

கவனியுங்கள். கணவன் ரம்மியில் தோற்றபோது, மனைவியைக் கூப்பிட்டு ‘அம்மா, உங்கள் வீட்டுக்காரர் போனில் கணவர் கன்ட்ரோல் என்று ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மீட்டிங் போடவில்லை. போடாத மனைவி மனைவியே அல்ல என்று பேசவில்லை. பூட்டைக் கொண்டுபோய்க் கம்பெனியின் கதவில் தொங்கவிட்டார்கள். அங்கே போனது பணம், அதனால் சட்டம் வந்தது. இங்கே போவது பிள்ளையின் தூக்கமும் கவனமும்தானே, அதற்கு அம்மா போதும்.

இணையம் தரும் நிறுவனங்களே பெற்றோருக்குத் தடுப்பு வசதியைத் தர வேண்டும் என்று மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு 2018-ல் தாக்கலானது. அப்போது அக்காவின் மகனுக்கு ஐந்து வயது. வழக்கு முடிந்தது 2025 டிசம்பரில். 16 வயதுக்குட்பட்டவர்களைச் சமூக ஊடகத்திலிருந்து விலக்க ஆஸ்திரேலியா கொண்டுவந்தது போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம், அதுவரை விழிப்புணர்வைத் தீவிரப்படுத்தலாம் என்றது தீர்ப்பு. ஆஸ்திரேலியாவின் சட்டம் 2025 டிசம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை உள்ளே நுழைந்தால் அம்மாவுக்கும் தண்டனை இல்லை, பிள்ளைக்கும் இல்லை. கம்பெனிக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அங்கேயும் பிள்ளைகள் சந்து கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள், பிள்ளைகள் என்றால் அப்படித்தான். ஆனால் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதிலாவது அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நமக்குக் கிடைத்தது விழிப்புணர்வு. அதாவது பிளக்ஸ், மைக், செல்ஃபி.

சட்டமே இல்லை என்று சொன்னால் டெல்லி கோபித்துக்கொள்ளும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தை. அவர்களின் தகவலைத் தொடச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அற்புதமான சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு மேலும் 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே. பிள்ளைகளே, தயவுசெய்து அதுவரை வளராமல் இருங்கள்.

மேல்நிலைத் தொட்டியில் சாக்கடை கலந்தால் என்ன செய்வோம்? தொட்டியைக் கழுவு என்று குடத்தோடு மறியலில் உட்காருவோம். இந்தத் தொட்டியில் மட்டும், குடத்துக்குக் குடம் ஒரு வடிகட்டித் துணியைக் கொடுத்து, துணியைச் சரியாகக் கட்டாத தாய்மார்களுக்கு ஒழுக்கப் பாடம் நடத்துகிறோம்.

மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். சரக்கு வண்டி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். “மாப்ள, பய போன்ல ஏதோ போட்டியாமே. நல்லது. அப்படியே பொண்ணு போன்லயும் போட்டு விட்ரு. அவ எங்க நிக்கிறான்னு தெரிஞ்சாப் போதும்.”

பெண் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவளுக்குப் போன் கிடையாது. தம்பிக்கு ஏழு வயதில் வந்த பொருள், அக்காளுக்குப் பதினெட்டில் வந்தது, அதுவும் பஸ் பாஸோடு. “மாமா, அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. இந்த ஆப்பு சின்னப் பிள்ளைகளுக்கு” என்றேன்.

“கல்யாணம் ஆகுற வரைக்கும் சின்னப் பிள்ளதான மாப்ள.”

கூகுள் பல ஆண்டுகளாக 13 வயது நிறைந்த பிள்ளையிடம் இனி உன் கணக்கு உன் பொறுப்பு என்று சொல்லிவந்தது. சட்டத்துக்கு 18. அப்பாவுக்குக் கல்யாணம். பையனாக இருந்தால் இந்த மூன்றும் கிடையாது, அவன் பிறந்தது 1998. பெண் பிள்ளையைக் கண்காணிக்க நாம் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பெட்டிக்கடை அண்ணாச்சி, பஸ் கண்டக்டர், மாடியில் துணி காயப்போடும் பெரியம்மா என்று தெருவுக்குத் தெரு சர்வர் வைத்திருந்தோம், சார்ஜ் இறங்காத சர்வர். இப்போது அந்தப் பெரியம்மா வேலையைச் செயற்கைக்கோள் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அவள் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போனதும் சொன்னாள்: “தம்பி போன்ல என்ன வருதுன்னு பாக்க இந்த வீட்டுல ஒருத்தருக்கும் நேரமில்ல மாமா. நான் எங்க நிக்கிறேன்னு பாக்கிறதுக்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கு.”

பதில் சொல்லாமல் நான் போனை எடுத்துப் பார்த்தேன். பேச்சு முட்டுகிற இடத்தில் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம். என் போனின் கணக்குப்படி அன்று மட்டும் ஐந்து மணி நாற்பது நிமிடம். எனக்கு யார் பூட்டுப் போட்டார்கள்? படுக்கையில் மல்லாந்து ரீல்ஸ் தள்ளியபடியே, ‘டேய், போனை வைடா’ என்று பிள்ளையை அதட்டும் அப்பாக்களின் சங்கத்தில் நானும் சந்தா கட்டிய உறுப்பினன். வித்தியாசம் ஒன்றுதான். எனக்கு மாலையில் வீட்டில் இருக்க நேரம் இருந்தும் பார்க்கவில்லை. அக்காவுக்கு நேரமே இல்லை. ஆனால் அந்த மீட்டிங்கில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது அக்கா, நான் அல்ல.

பூட்டு மூன்று நாள் தாங்கியது.

நான்காம் நாள் காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அக்கா போனை நீட்டினார். “இது என்னன்னு பாருங்க தம்பி. ராத்திரி நான் இவனுக்கு ரெண்டு மணி நேரம் கூடக் குடுத்தேன்னு காட்டுது. நான் எப்பக் குடுத்தேன்?”

பார்த்தேன். முந்தின இரவு 12:07-க்கு, அக்காவின் போனிலிருந்து, அக்காவின் கைரேகையோடு, கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பையன் அம்மாவின் பக்கத்தில் படுப்பவன். அம்மா தலையணையில் சாய்ந்ததும் கல்லாகிவிடுவார். பன்னிரண்டு மணி நேரம் புடவை மடித்த கை, பாயில் விரிந்து கிடக்கும். அவன் செய்ய வேண்டியதெல்லாம், அந்தக் கட்டைவிரலை மெல்லத் தூக்கி வைத்து எடுப்பதுதான்.

அந்த விரலை எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் மூன்று தடவை வைத்தாலும் எடுக்காது. “ரேகை தேஞ்சு போச்சும்மா, தொடச்சிட்டு வைங்க” என்பார்கள். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார், பின்னால் வரிசை முணுமுணுக்கும். அரிசிக்குப் படியாத அந்த ரேகை, நள்ளிரவில் கம்பெனிக்கு முதல் தடவையிலேயே படிந்துவிட்டது.

2027-ல் நடைமுறைக்கு வரப்போகிற சட்டம் என்ன கேட்கிறது? சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல். இதோ இருக்கிறது: நேரம், நாள், ரேகை. எந்த நீதிமன்றத்திலும் செல்லும். தூங்கிக்கொண்டிருந்தார் என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

நான் விளக்கிச் சொன்னேன். அக்கா பையனை அடிக்கவில்லை. கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஒன்பதரைக்குள் போய்ப் போனைப் பெட்டியில் போட வேண்டும், தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

“எங்க போன வாங்கி வைக்கிறாங்கள்ல தம்பி, ஒரே ஆளு, வாசல்ல நின்னு. அந்தக் கம்பெனிக்காரன் வாசல்ல அப்படி நிக்கிறதுக்கு இத்தன பெரிய கவர்மென்டுல ஒரு ஆளு கிடையாதா?”